9 நாடு, 12 நாள், ஒரு கதீட்ரலுக்கு 25 நிமிஷம்

மொதல்ல ஒரு டிஸ்கி. எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். பயமெல்லாம் இல்ல. (சரி, கொஞ்சம் பயம்தான்.) ஆனா ஒருத்தர் பேரச் சொல்லிட்டா மத்தவங்க எல்லாம் உத்தமர்னு ஆயிடும். பணம் கட்டறதுக்கு முன்னாடி நாலஞ்சு கம்பெனியோட யூரோப் டூர் பிடிஎஃப்-ஐ வரிசையா தொறந்து வெச்சு உக்காந்து படிச்சவன் நான். லோகோவ மறைச்சுட்டா எது யாரோடதுன்னு கண்டுபிடிக்க முடியாது. அவ்ளோ ஒத்துமை.

இனி விஷயம். போன ஜூன்ல நானும் தங்கமணியும் "9 நாடு, 12 நாள்" டூர் போயிட்டு வந்தோம். தலைக்கு மூணே கால் லட்சம். இந்தப் புலம்பல் முழுக்க அதுல ஒரே ஒரு நாளப் பத்தினது, ஆறாவது நாள். மத்த நாளும் கிட்டத்தட்ட இதே லட்சணம்தான். ஆனா அந்த ஒரு நாளுக்கு மட்டும் என்கிட்ட நிமிஷக் கணக்கு இருக்கு.

கொசுவத்திய கொஞ்சம் சுத்திக்கறேன். தங்கமணி சிவில் எஞ்சினியர். மூணாவது வருஷம் காலேஜ்ல கொலோன் கதீட்ரலப் பத்தி செமினார் எடுத்திருக்கா. அதுல வர்ற ஃப்ளையிங் பட்ரஸ் பத்தி கல்யாணத்துக்கு முன்னாடி போன்ல எனக்கு ஒரு மணி நேரம் கிளாஸ் நடந்திருக்கு. (மத்தவங்க எல்லாம் என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்கு வாய்ச்சது இது.) ஆகாசத்துக்கு ஒசந்து நிக்கற கல் கூரை, சுவத்த வெளிப்பக்கமா தள்ளிகிட்டே இருக்கும். அந்தத் தள்ளுவிசைய வெளில இருந்து அரை வளைவு மாதிரி கைகள் வாங்கி, தள்ளி நிக்கற தூண் வழியா தரைக்கு எறக்கிடும். அதனால சுவத்துக்கு வேலை கம்மி. வேலை கம்மியான சுவத்துல கண்ணாடி போட்டுக்கலாம். "அதாவது வெளிச்சத்துக்காக வெளில எலும்புக்கூடு கட்டி வெச்சிருக்காங்க"ன்னா. அன்னிக்கே ஃபிளாட்.

அவ கேட்டது ரெண்டே ரெண்டு ஊரு. கொலோன், அப்பறம் ரோம். "ஊருக்கு அஞ்சு நாள் இருந்துட்டு வரலாம்"னு சொன்னா. நான் என்ன பண்ணேன்? பொட்டி தட்டறவன் என்ன பண்ணுவானோ அதைத்தான். எக்ஸெல் ஷீட் போட்டேன். "ஒரு நாட்டுக்கு ஆகும் செலவு"ன்னு ஒரு காலம். அவ திட்டப்படி பாத்தா ரெண்டு நாடு, நாட்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல. டூர்ல போனா ஒம்பது நாடு, நாட்டுக்கு முப்பத்தாறாயிரம். "பாரு, எது வேல்யூ"ன்னு லேப்டாப்ப திருப்பிக் காட்டினேன். அந்த ஷீட் இன்னும் ட்ரைவ்ல இருக்கு. பாக்கும் போதெல்லாம் என்னைய நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கும். ஆக, இந்தப் பதிவுல முதல் குற்றவாளி நான்தான். அதைச் சொல்லிட்டு மத்தவங்கள திட்டறேன்.

அந்த ஒம்பது நாடு எதெல்லாம்? பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன், ஆஸ்திரியா, இத்தாலி, வாட்டிகன். லிக்டன்ஸ்டைன் மொத்தமே 160 சதுர கிலோமீட்டர். நம்ம சென்னை மாநகராட்சி 426. வாட்டிகன் அரை சதுர கிலோமீட்டர் கூட இல்ல, ரோமுக்குள்ள ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம். இந்தக் கணக்குப்படி தி.நகர்ல இருந்து மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்து போனா நானும் ஃபாரின் ரிட்டர்ன்.

சரி, ஆறாவது நாள். நெதர்லாந்துல உட்ரெக்ட் பக்கத்துல ஹைவே ஓரமா ஒரு ஓட்டல். காலைல அஞ்சரைக்கு எழுப்பி விட்டாங்க. ஏழு மணிக்கு வண்டி கெளம்பிடுச்சு. 42 பேர். சீட்டு தினமும் ரெண்டு வரிசை பின்னாடி நகரணும்னு ரூல், அன்னிக்கு நாங்க பின்கதவுக்கு மேல. ஏறி உக்காந்ததும் அந்தாக்ஷரி. நெதர்லாந்து எங்க முடிஞ்சது, ஜெர்மனி எங்க ஆரம்பிச்சதுன்னு பாதி பேருக்குத் தெரியாது, தூக்கம். ஒரு நாடு முடிஞ்சது, அவ்ளோதான். ஷீட்ல முப்பத்தாறாயிரம் வரவு வெச்சுக்கோ.

வழில ஒரு பெட்ரோல் பங்க்ல 20 நிமிஷம் நிறுத்தினாங்க. ஒரு யூரோ போட்டா கழிவறைக் கதவு தொறக்கும், அதே ஒரு யூரோவுக்கு ஒரு கூப்பன் வரும், அதைக் கடைல கழிச்சுக்கலாம். நம்மாளுங்க கூப்பன சேத்து வெச்சு சாக்லேட் வாங்கினதப் பாத்தப்ப மட்டும் கண்ணுல தண்ணி வந்துச்சு. இந்தியன்டா!

10:05க்கு கொலோன். எறங்கி மூலை திரும்பினதும் அது நிக்குது. நான் ஃபோட்டோல பாத்ததுதான். ஆனா ஃபோட்டோல கழுத்து வலிக்காது இல்லயா. 157 மீட்டர். கறுத்துப் போன கல்லு. தங்கமணி அப்படியே நின்னுட்டா. பின்னாடி வந்த ஒரு ஆன்ட்டி அவ மேல மோதி, அதுக்கும் இவ திரும்பல.

இந்தக் கட்டடத்தோட கதைய ஒரு சாஃப்ட்வேர்காரன் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். 1248ல வேலை ஆரம்பிச்சாங்க. முந்நூறு வருஷம் இழுத்துட்டு 1560 வாக்குல நிறுத்திட்டாங்க. பாதி கட்டின தெக்கு கோபுரத்து மேல மரத்துல செஞ்ச பாரந்தூக்கி ஒண்ணு கெடந்தது. கெடந்ததுன்னா ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, கிட்டத்தட்ட 400 வருஷம்! அந்த ஊரு அடையாளமே அந்த கிரேன்தான். அதோட முகப்பு வரைபடம், அதாவது டிசைன் டாக்குமென்ட், காணாமப் போச்சு. 1814ல ஒரு பாதி டார்ம்ஸ்டாட்ல கெடச்சது, இன்னொரு பாதி 1816ல பாரிஸ்ல கெடச்சது. அதை ஒட்ட வெச்சு, 1842ல மறுபடி ஆரம்பிச்சு, 1880ல முடிச்சாங்க. 632 வருஷ ப்ராஜெக்ட்! டெலிவரி தேதி ரெண்டு வாரம் தள்ளிப் போனா என் டமேஜர் என்ன ஆட்டம் ஆடுவார்னு நெனச்சுப் பாத்தேன். ரெண்டாம் உலகப் போர்ல பதினாலு குண்டு விழுந்தும் நின்ன கட்டடம் இது. பக்கத்துல இருந்த ஊரெல்லாம் தரைமட்டம்.

இதெல்லாம் அவ எனக்குச் சொன்னது. எங்க டூர் மேனேஜர் சொன்னது: "கைஸ், திஸ் இஸ் வெரி ஃபேமஸ் சர்ச். க்ரூப் ஃபோட்டோ ஃபர்ஸ்ட்."

42 பேர வரிசைல நிக்க வெச்சு க்ரூப் ஃபோட்டோ எடுக்க 10 நிமிஷம். வண்டில இருந்து நடந்து வர, திரும்பிப் போக 20. கணக்கு போட்டா மிச்சம் 25 நிமிஷம்.

தெக்கு கோபுரத்துல ஏறிப் போகலாம். 533 படி. தங்கமணிக்கு அதுதான் கனவு. கிளம்பறதுக்கு மொத நாளே சென்னை ஆபீஸ்ல கேட்டிருந்தோம், "அங்க போய் மேனேஜர்கிட்ட சொல்லுங்க மேடம், பண்ணிக் குடுப்பார்"னு சிரிச்சுகிட்டே சொன்னாங்க. இங்க அவர்கிட்ட கேட்டா, "மேடம், ஐட்டினரில கதீட்ரல் 'வியூ'. 'விசிட்' இல்ல"ங்கறார்.

மக்களே, இந்த எடத்துல கொஞ்சம் நில்லுங்க. டூர் பிடிஎஃப்ல நாலு வார்த்தை வரும். 'விசிட்'னா உள்ள கூட்டிட்டுப் போவாங்க. 'வியூ'ன்னா வெளில நின்னு பாக்கணும். 'ஃபோட்டோ ஸ்டாப்'னா எறங்கி க்ளிக்கிட்டு ஏறணும். 'ட்ரைவ் பாஸ்ட்'னா எறங்கவே முடியாது, ஜன்னல் பக்கம் உக்காந்தவனுக்கு அதிர்ஷ்டம். நாலுக்கும் ஒரே எழுத்து, ஒரே சைஸ், பக்கத்துல ஒரே மாதிரி பளபளன்னு படம். ஆபீஸ்ல ஸ்பெக்ல ஒரு "ஷுட்" எடத்துல "ஷல்" போட்டிருந்தா ரெண்டு மணி நேரம் மீட்டிங் போட்டு சண்டை போடறவன் நான். சொந்தக் காசு ஆறரை லட்சம் கட்டும்போது 'வியூ'வுக்கும் 'விசிட்'டுக்கும் வித்தியாசம் கேக்கல. ஏமாத்தினாங்கன்னு சொல்ல முடியாது. எழுதித்தான் வெச்சிருக்காங்க. இந்த வியாபாரத்துல எனக்கு எரியறதே இதுதான். பொய்யே சொல்லாம கவுத்துட்டாங்க.

"ஒரு அரைமணி எக்ஸ்ட்ரா குடுங்க, நாங்க ரெண்டு பேர் மட்டும் ஓடிப் போய் ஏறிட்டு வந்துடறோம்"னு கேட்டேன். அவர் குரலத் தாழ்த்தி, "சார், டிரைவர் அவர்ஸ். யூரோப் சட்டம். மீறினா ஃபைன்"னார். சட்டம்னு சொன்னா நாம அடங்கிடுவோம்ல. அடங்கிட்டோம்.

கோபுரத்த விட்டுட்டு உள்ள மட்டும் ஓடினோம். (உள்ள போக யாரும் தடுக்கல, 'வியூ'ன்னு போட்டது எங்க கம்பெனிதான்.) கூரை 43 மீட்டர் ஒசரம். தெக்குப் பக்கம் ஒரு ஜன்னல், 2007ல கெர்ஹார்ட் ரிக்டர்ங்கற ஓவியர் பண்ணது. சாமி படம் கெடையாது, உருவம் கெடையாது, பதினோராயிரத்து சொச்சம் சதுரக் கண்ணாடி, 72 நிறம். நம்ம பாஷைல சொன்னா பிக்ஸல். வெயில் அது வழியா எறங்கி எதிர்ல தூண்ல சிதறிக் கெடந்துச்சு. தங்கமணி கைய நீட்டி அந்த வெளிச்சத்துல காட்டினா. செமினார்ல எழுதினது எல்லாம் நெசம்தானான்னு செக் பண்ற மாதிரி. நான் மணி பாத்துகிட்டே இருந்தேன். 12 நிமிஷம். "வா, போலாம்"னு நான்தான் கையப் புடிச்சு இழுத்தேன்.

ஓடி வந்தும் 9 நிமிஷம் லேட். வண்டி ஏறினதும் மொத்த பஸ்ஸும் கைதட்டிச்சு. பாராட்டு இல்ல, நக்கல். லேட்டா வர்றவங்க பாட்டுப் பாடணும்ங்கறது அங்க தண்டனை. மைக்க நீட்டினாங்க. தங்கமணி நேரா பின்னாடி போய் உக்காந்துட்டா. நான் நின்னு ஒரு ராஜா பாட்டோட பல்லவிய பாடித் தொலைச்சேன். பாதி பேருக்குத் தமிழ் தெரியாது, நல்லவேளை. அப்பறம் மதிய சாப்பாடு வரைக்கும் அவ ஜன்னலத்தான் பாத்துட்டு வந்தா. அழல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்.

அப்ப ஆரம்பிச்சேன் கணக்கு எடுக்க. மொபைல்ல நோட்ஸத் தொறந்து, வண்டி நின்ன நேரம், கெளம்பின நேரம். கூடவே அந்த "யூரோப் சட்டத்தையும்" தேடிப் படிச்சேன். ரோமிங் டேட்டா போனா போகட்டும்.

2006ல வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, நம்பர் 561. அருமையான சட்டம். நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு, அதைப் பிரிச்சும் எடுத்துக்கலாம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டணும், வாரத்துல ரெண்டு நாள் 10 வரைக்கும் போகலாம். தினம் 11 மணி நேரம் தொடர்ச்சியா ஓய்வு, சில நாள் மட்டும் 9 ஆக கொறச்சுக்கலாம். வண்டில டேகோகிராஃப்னு ஒரு கருவி இதையெல்லாம் பதிவு பண்ணிகிட்டே இருக்கும், போலீஸ் நிறுத்தி செக் பண்ணலாம். நம்மூர் ஆம்னி பஸ் டிரைவர் அண்ணன்களுக்கு இதுல பாதி கெடச்சாலே புண்ணியம்.

ஆனா சட்டத்த நல்லா படிங்க. கொலோன்ல வண்டி நிக்கற நேரம் ஓட்டற நேரமே இல்ல. டிரைவர் எறங்கி காபி குடிச்சா அது ஓய்வுக் கணக்கு. "ஒட்டுமொத்த நாள் நீளுமே"ன்னு கேட்டா, நியாயம், நீளும். அப்ப சாயங்காலம் கடைல நிக்கற நேரமும் அதே கணக்குலதானே வரும்? கதீட்ரலுக்கு அரைமணி கேட்டா டிரைவர் அவர்ஸ். கடைக்கு ஒன்றரை மணி நேரம் நின்னா அந்த டிரைவருக்கு அவர்ஸே கெடையாதா? சட்டத்துமேலயும் ஸ்டியரிங் புடிக்கற மனுஷன் மேலயும் பழியப் போட்டுட்டு தப்பிக்கறது எவ்ளோ சுலபம் பாருங்க. எங்க பஸ்லயே பின்சீட்டு ஆளுங்க, "இந்த வெள்ளைக்காரனுக்கு ரொம்ப திமிரு"ன்னு முணுமுணுத்தாங்க. போலந்துக்காரர் அவர். ஒரு வார்த்தை பேசினது கெடையாது, 42 பேர் பொட்டியையும் தினம் ரெண்டு தடவை தூக்கி எறக்கறவர்.

ஃப்ராங்க்ஃபர்ட் பக்கத்துல மதிய சாப்பாடு. பனீர் பட்டர் மசாலா, ஆறாவது நாளா. அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல.

அப்பறம் மூணரை மணி நேர ஓட்டம், நடுவுல 25 நிமிஷம் பங்க். 6:10க்கு டிட்டிசே. கறுப்புக் காடுன்னு சொல்ற மலைப் பகுதில ஒரு ஏரி, ஏரிக்கரைல ஒரு கடைத்தெரு. அந்த நேரத்துலயும் குக்கூ கடிகாரக் கடைய எங்களுக்காகத் தொறந்து வெச்சிருந்தாங்க. க்ரூப் வருதுன்னு போன் பண்ணா கடை காத்திருக்கும்.

உண்மையச் சொல்லணும்னா, அந்த டெமோ நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு குட்டி துருத்தி, ரெண்டு குழல், ஒண்ணு 'குக்', இன்னொண்ணு 'கூ'. பைன் காய் மாதிரி வார்த்த இரும்பு குண்டு கீழ எறங்க எறங்க சக்கரம் சுத்தும். பேட்டரி இல்ல, கோடு இல்ல, பக் இல்ல. ஆனா அது முடிஞ்சது பத்து நிமிஷத்துல. மிச்சம் 80 நிமிஷம்? மேல் மாடி, கீழ் மாடி, கத்தி, காந்தம், சாக்லேட், மறுபடி கடிகாரம். கடிகாரத்தக் காட்டறதுதான் நோக்கம்னா அங்கிருந்து அரைமணி தூரத்துல ஃபுர்ட்வாங்கன்னு ஒரு ஊரு, ஜெர்மன் கடிகார மியூசியமே அங்கதான் இருக்கு. அதுக்கு ஏன் எந்த பிடிஎஃப்லயும் 'விசிட்' இல்ல? கடைல பில் போடறப்ப எங்க சட்டைல ஒட்டியிருந்த க்ரூப் நம்பரக் கேட்டு எழுதிகிட்டாங்க. ரெஃபரல் கோடு எப்படி வேலை செய்யும்னு ஒரு சாஃப்ட்வேர்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

நாங்க ரெண்டு பேரும் நைசா நழுவி ஏரிக்கரைக்குப் போயிட்டோம். ஜூன் மாசம், ஏழு மணிக்கும் நல்ல வெயிலு. செருப்பக் கழட்டிட்டு காலத் தண்ணில விட்டா, சில்லுன்னு ஏறிச்சு. தங்கமணி அப்பதான் வாயத் தொறந்தா. "நான் 533 படி ஏறாதது கூட பரவால்ல. நீ மணிக்கூடப் பாத்த பாரு, அதான்." நான் ஒண்ணும் சொல்லல. சொல்ல என்ன இருக்கு? பன்னெண்டு நாள்ல வாட்ஸப் க்ரூப் அலாரம் அடிக்காம நாங்க பேசினது அந்த இருவது நிமிஷம்தான்.

திரும்பி வந்தா வண்டி கெளம்பல. கோயமுத்தூர்ல இருந்து வந்த ஒரு அங்கிளும் ஆன்ட்டியும் இன்னும் கடைல. பெரிய கடிகாரம் ஒண்ணு வாங்கி, பேக்கிங் ஆகி, வரி திருப்பி வாங்கற படிவம் நிரப்பி வர 25 நிமிஷம் லேட். யாராவது கைதட்டினாங்களா? மைக் நீட்டினாங்களா? மேனேஜரே அந்த அட்டைப்பொட்டியத் தூக்கிகிட்டு வந்து, "கங்க்ராட்ஸ் சார்"னு சொல்லி லக்கேஜ் பக்கம் பத்திரமா வெச்சார். கதீட்ரலுக்கு 9 நிமிஷம் லேட்டானா குற்றவாளி. கடைக்கு 25 நிமிஷம் லேட்டானா விஐபி. இந்த ஒரு காட்சிய விட எனக்கு வேற ஆதாரம் வேண்டாம்.

8:15க்கு ஃப்ரைபர்க் பக்கத்துல ஓட்டல். என் கணக்கு: மொத்தம் 13 மணி 15 நிமிஷம். வண்டி ஓட்டம் 9 மணி 5 நிமிஷம். கடைத்தெரு 1 மணி 30 நிமிஷம். சாப்பாடு ஒரு மணி. பங்க் 45 நிமிஷம். கொலோன் 55 நிமிஷம், அதுலதான் அந்த 25. ஒண்ணாந்தேதி சம்பள ஸ்லிப்ப பிடித்தம் எல்லாம் போக பாக்கற மாதிரி இருந்துச்சு.

இப்ப ரெண்டு கூட்டம் என்கிட்ட சண்டைக்கு வரும்.

மொதல் கூட்டம் என் ஆபீஸ் நண்பர்கள். "நான் அப்பவே சொன்னேன்ல, பஸ்ல போறவன் டூரிஸ்ட், பேக்பேக் மாட்டினவன் ட்ராவலர்"னு. தம்பி, கொஞ்சம் அடங்கு. 1855ல தாமஸ் குக் முதல்முதலா இங்கிலாந்துல இருந்து ஐரோப்பாவுக்கு ஆளுங்களக் கூட்டிட்டுப் போனப்பவே வழில கொலோன் இருந்துச்சு, கோபுரம் கூட முடியாத கொலோன். கூட்டமா போற சாதாரண ஜனங்களப் பாத்து மேட்டுக்குடி நக்கல் அடிச்சது அந்தக் காலத்துலயே உண்டு. நீ ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல. அந்த கோயமுத்தூர் அங்கிளுக்கு 68 வயசு, ஆன்ட்டிக்கு ரெண்டு முட்டியிலயும் ஆபரேஷன். "தம்பி, எனக்கு இங்கிலீசு தகராறுங்க. விசாவுக்குக் காயிதம் சேக்கறதுக்கே யாராச்சும் வேணுமுங்க. தனியா வந்திருந்தா ஏர்போர்ட்லயே நின்னிருப்பமுங்க"ன்னார். 90 யூரோ விசா ஃபீஸ் கட்டி, மூணு வருஷ ஐடி ரிட்டர்னும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் குடுத்து, நம்ம பாஸ்போர்ட்டோட திரும்பிப் போயிடுவேன்னு நிரூபிக்கற ஒரு நாட்டுக்காரனுக்கு குழுப் பயணம்ங்கறது சோம்பேறித்தனம் இல்ல. பஸ் மேல எனக்குக் கோவமே கெடையாது. ரசம் சாதத்து மேல சுத்தமா கெடையாது.

ரெண்டாவது கூட்டம் டூர் கம்பெனி பக்கம். "ஜனங்க கேக்கறததான் விக்கறோம். அஞ்சு நாடுன்னு போட்டா எவனும் வாங்க மாட்டான், பக்கத்துக் கடைல ஒம்பதுன்னு போட்டிருப்பான்." இதுல பாதி உண்மை, என் எக்ஸெல்லே சாட்சி. ஆனா நாங்க நாட்ட எண்றது ஏன்? எண்றதுக்கு நீங்க வேற எதையும் குடுக்கலயே! கொலோன்: தரையில் 55 நிமிஷம், கடைத்தெரு: 90 நிமிஷம், பஸ்: 9 மணி நேரம்னு நாள் வாரியா போடுங்களேன். உங்ககிட்ட அந்த நம்பர் இல்லாமயா மேனேஜருக்கு ஷெட்யூல் அடிச்சுக் குடுக்கறீங்க? போட்டுட்டு, அதுக்கப்பறமும் நாங்க ஒம்பது நாடுதான் வாங்கறோம்னா, திட்ட வேண்டியது எங்களத்தான். அதுவரைக்கும் "ஜனங்க கேக்கறாங்க"ன்னு ஜல்லி அடிக்காதீங்க.

அந்த மேனேஜரையும் நான் ரொம்பத் திட்ட மாட்டேன். காலைல அஞ்சு மணிக்கு 42 பேருக்கு எழுப்பற போன், ராத்திரி பதினோரு மணிக்கு "சார், ஏசி ஓடல". டிரைவருக்காவது டேகோகிராஃப் இருக்கு. இந்தப் பையனோட வேலை நேரத்த எந்தக் கருவி பதிவு பண்ணுது? கடைல நிக்கச் சொல்றது அவனா? அவன் கையில இருக்கற பேப்பரு.

கடைசி நாள் ரோம்ல ஒரு ஃபீட்பேக் படிவம் குடுத்தாங்க. சாப்பாடு, ஓட்டல், பஸ், மேனேஜர், எல்லாத்துக்கும் ஸ்டார். நேரத்துக்கு மட்டும் கட்டமே இல்ல. பின்பக்கம் திருப்பி என் ஆறாம் நாள் கணக்க அப்படியே எழுதினேன். பக்கத்துல உக்காந்திருந்த கோயமுத்தூர் அங்கிள் கண்ணாடியப் போட்டுகிட்டு படிச்சார். "அந்தக் கோயிலு கட்ட அறுநூறு வருசமாச்சுங்களா?"ன்னு கேட்டார். ஆமாங்கன்னேன். ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்பறம் பேனாவ வாங்கி என் கையெழுத்துக்குக் கீழ அவரும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழிச்சு மெசேஜ் வந்துச்சு. உங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த டூருக்கு தலைக்கு ஐயாயிரம் தள்ளுபடி. ஸ்கேண்டிநேவியாவாம். 4 நாடு, 8 நாள்.